டிப்ளமோ மெக்கானிக்கல், குவாலிட்டி வேலைக்கு ரெஸ்யூமே: எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்

மூன்றாம்ஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சி.என்.சி. யூனிட்டில் ஆறு வருடமாக இருக்கிறேன். கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் இடம். ஆபரேட்டராகச் சேர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராகி, இப்போது குவாலிட்டியில். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொஞ்சம் பெரிய இடத்தில் குவாலிட்டி இன்ஜினீயராகப் போகலாம் என்று நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு போன்கூட வருவதில்லை. கூடப் படித்தவனுக்கு என்னைவிட அனுபவம் குறைவு, அவனை மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ரெஸ்யூமே மூன்று பக்கம், பிரவுசிங் சென்டரில் அடித்தது. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்.

நோக்கம்: சவாலான சூழலில் என் திறமையைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சியோடு நானும் வளர்வது.

அனுபவம்: தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு. தினசரி ரிப்போர்ட் தயாரித்தல். புரொடக்‌ஷனோடு ஒருங்கிணைந்து வேலை செய்தல். 5எஸ் (வேலை இடத்தை ஒழுங்காக வைப்பது), கைசன் (சின்னச் சின்ன மேம்பாடு) நடவடிக்கைகளில் பங்கேற்பு.

திறன்: எம்.எஸ். ஆபீஸ், ஆட்டோகேட், 7 கியூ.சி. டூல்ஸ், எஸ்.பி.சி., எம்.எஸ்.ஏ., பி.பி.ஏ.பி., எஃப்.எம்.இ.ஏ., டி.எஸ். 16949, டீம் ஒர்க், ஹார்டு ஒர்க். (இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு: எஸ்.பி.சி. என்றால் அளவைச் சார்ட் போட்டுக் கண்காணிப்பது, எம்.எஸ்.ஏ. அளக்கும் முறையைச் சோதிப்பது, பி.பி.ஏ.பி. பாகத்துக்கு கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்கக் கொடுக்கும் ஃபைல், எஃப்.எம்.இ.ஏ. எங்கே தவறலாம் என்று முன்கூட்டியே பட்டியலிடுவது, டி.எஸ். 16949 வாகனத் துறைத் தரநிலை.)

அதற்கப்புறம் பலம், பொழுதுபோக்கு, அப்பா பெயர், மதம், திருமண நிலை, ஆதார் எண், கடைசியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று கையெழுத்து. எதை மாற்றுவது?

நேர்காணல்மேசை

நான் ஆட்டோ உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.

நீங்கள் விண்ணப்பம் போட்டு, நான் அதைத் திறந்து படித்து, பிடித்திருந்தால் கூப்பிடுவேன் என்று நினைக்கிறீர்கள். பல நேரம் அப்படி நடப்பதில்லை. நௌக்ரியில் எங்களுக்கு ரெஸ்டெக்ஸ் என்று தனித் தேடல் பக்கம் இருக்கிறது. மேனேஜர் ஆள் கேட்டால் நான் அங்கே போய்த் தட்டுவேன்: குவாலிட்டி இன்ஜினீயர், மெஷினிங், பி.பி.ஏ.பி., அனுபவம் 4 முதல் 7 வருடம், சென்னை, நோட்டீஸ் இத்தனை நாளுக்குள், சமீபத்தில் சைட்டுக்கு வந்தவர்கள். வருகிற பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பெட்டி. இப்போதைய பதவி, கம்பெனி, சம்பளம், படிப்பு, முக்கியத் திறன்கள். அதைப் பார்த்துப் பிடித்தால்தான் ரெஸ்யூமேயையே திறப்பேன்.

உங்கள் புரொஃபைல் ஹெட்லைனில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ‘நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்’ என்று இருந்தால் இன்றைக்கே தூக்குங்கள். அந்தச் சொற்களைப் போட்டு எந்த எச்.ஆரும் தேடப்போவதில்லை.

சரி, திறந்தும் பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேலே போட்டிருப்பதைப் படித்தால் என்ன பாகம் செய்கிறீர்கள் என்றே தெரியவில்லை. பிஸ்கட் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவரும் இதே நான்கு வரியைப் போட்டுக்கொள்ளலாம்.

பழையவரைபடம்

தம்பி, நான் குவாலிட்டியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன். ரெஸ்யூமேயை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். என்ன பாகம்? எந்த டைமென்ஷன் உங்களுக்குத் தலைவலி? டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதித்த வித்தியாசம் எவ்வளவு? எதை வைத்து அளக்கிறீர்கள்? கடைசியாக கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

டி.எஸ். 16949 என்று போட்டிருக்கிறீர்கள். அது போய் ஐ.ஏ.டி.எஃப். 16949 வந்தது 2016 இல். நீங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே. யாருடைய பழைய ரெஸ்யூமேயைப் பார்த்து அடித்துக் கொடுத்தார் அந்த பிரவுசிங் சென்டர்காரர்?

மூன்றாம்ஷிப்ட்

ஐயா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அவரிடம் ஒரு மாதிரி இருந்தது, பெயரை மட்டும் மாற்றினார்.

பாகம் பிரேக் காலிபர் பிஸ்டன். சி.என்.சி. டர்னிங் முடிந்து சென்டர்லெஸ் கிரைண்டிங். ஓ.டி. (வெளிவிட்டம்) டாலரன்ஸ் 20 மைக்ரான், காற்றை வைத்து அளக்கும் ஏர் கேஜில் பார்ப்போம். தலைவலி ஓ.டி.தான். ஷிப்ட் போகப் போக சைஸ் மேலே ஏறிக்கொண்டே போகும். ஆபரேட்டர் மெஷினில் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுத்துக்கொண்டே இருப்பார், யார் எப்போது எவ்வளவு கொடுத்தார் என்று கணக்கே கிடையாது. நான்தான் மணிக்கு 5 பீஸ் எடுத்து சார்ட் போட ஆரம்பித்தேன். கிரைண்டிங் வீல் தேய்வதால் ஏறுகிறது என்று சார்ட்டிலேயே தெரிந்தது. 200 பீஸுக்கு ஒருமுறை டிரெஸ்ஸிங் (வீலைச் சீராக்குவது) செய்துகொண்டிருந்ததை 120 பீஸுக்கு ஒருமுறை என்று மாற்றச் சொன்னேன். புரொடக்‌ஷனில் ஒத்துக்கொள்ளவில்லை, நேரம் போகும் என்றார்கள். ஒரு வாரம் ஒரே ஒரு மெஷினில் ஓட்டிக் காட்டினேன், அப்புறம் எல்லா மெஷினுக்கும் வந்துவிட்டது. சி.பி.கே. (அளவு டாலரன்ஸுக்குள் எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று காட்டும் எண், கூடினால் நல்லது) 1.1 இருந்தது, இப்போது 1.4.

கம்ப்ளெயின்ட் என்றால், சீல் குரூவில் பர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு) இருக்கிறது என்று ஒரு லாட் திரும்பி வந்தது. குறைக்குக் காரணமும் தீர்வும் எழுதும் 8டி ரிப்போர்ட் நான்தான் போட்டேன். இதெல்லாம் தினமும் செய்கிற வேலைதானே, ரெஸ்யூமேயில் எழுதுவார்களா என்ன?

பழையவரைபடம்

அடப்பாவி. இதை விட்டுவிட்டா ‘ஹார்டு ஒர்க்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்?

இதைத்தான் எழுத வேண்டும். இப்படிப் போடுங்கள், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம்: ‘பிரேக் பிஸ்டன் சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் ஓ.டி. ஏற்றத்தை எஸ்.பி.சி. சார்ட் மூலம் கண்டறிந்து, வீல் டிரெஸ்ஸிங் இடைவெளியை 200 பீஸிலிருந்து 120 ஆகக் குறைத்ததில் சி.பி.கே. 1.1 இலிருந்து 1.4 ஆனது.’

இந்த ஒரு வரியில் பாகம், பிராசஸ், அளவு, காரணம், செய்தது, பலன் எல்லாம் இருக்கிறது. திறன் பட்டியலில் எஸ்.பி.சி. என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். இந்த வரியைப் படித்தால் இவன் சார்ட் போட்டவன், மெஷின் பக்கத்தில் நின்றவன் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்று. எழுதினால் அதைப் பற்றிக் கேட்பார்கள். நானாக இருந்தால் இப்படிப் போவேன்: சி.பி.கே. 1.4 என்கிறாயே, கஸ்டமர் எவ்வளவு கேட்டார்? 1.33 என்பீர்கள். புதுப் பாகத்துக்கு பி.பி.ஏ.பி. கொடுக்கும்போது 1.67 கேட்கிறார்களே, ஏன்? சி.பி.கே.க்கும் பி.பி.கே.க்கும் என்ன வித்தியாசம்? ஏர் கேஜுக்கு கேஜ் ஆர்.அண்ட்.ஆர். (கருவியாலும் அளப்பவராலும் வரும் வித்தியாசம்) பார்த்தாயா, எத்தனை சதவீதம் வந்தது? 10க்குக் கீழே என்றால் சந்தோஷம். 10க்கும் 30க்கும் நடுவே என்றால், எதை வைத்து ஒத்துக்கொண்டீர்கள்? எஃப்.எம்.இ.ஏ.வில் இன்னும் ஆர்.பி.என். (அபாய மதிப்பெண்) போடுகிறீர்களா, 2019 கையேட்டில் வந்த ஆக்‌ஷன் பிரயாரிட்டிக்கு மாறிவிட்டீர்களா?

எதற்கெல்லாம் பதில் தடுமாறுகிறதோ அதையெல்லாம் திறன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எஃப்.எம்.இ.ஏ. நீங்களே செய்ததா, செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததா?

மூன்றாம்ஷிப்ட்

பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் ஐயா. ஃபைல் சீனியர் போட்டார், டீம் மீட்டிங்கில் நான் இருந்தேன். பி.பி.ஏ.பி.யில் டைமென்ஷன் ரிப்போர்ட், எம்.எஸ்.ஏ., கேபபிலிட்டி ஸ்டடி மூன்றும் என்னுடையது. அதில் உள்ள 18 அயிட்டமும் நான் செய்தேன் என்று சொல்ல முடியாது.

பழையவரைபடம்

அப்படியே எழுதுங்கள். ‘பி.பி.ஏ.பி. லெவல் 3 சமர்ப்பிப்புக்கு டைமென்ஷன் ரிப்போர்ட், எம்.எஸ்.ஏ., கேபபிலிட்டி ஸ்டடி தயாரித்தேன், எஃப்.எம்.இ.ஏ. குழுவில் உறுப்பினர்.’ மொத்த பி.பி.ஏ.பி.யும் நானே செய்தேன் என்று ஆறு வருட டிப்ளமோ பையன் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். இதை நம்புவார்கள்.

பூந்தமல்லி_பறவை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரெஸ்யூமேயை இவ்வளவு தோண்டுவது வீண் வேலை. எல்லாம் ரெஃபரல்தான். நான் மாறிய இடமெல்லாம் உள்ளே ஆள் சொல்லி மாறியதுதான். தெரிந்தவர்கள் நாலு பேரைப் பிடிங்க பாஸ்.

நேர்காணல்மேசை

ரெஃபரல் வேலை செய்யும், மறுக்கவில்லை. எங்கள் கம்பெனியிலும் ஆளைச் சேர்த்துவிட்டால் ஊழியருக்கு போனஸ் உண்டு. ஆனால் உங்கள் நண்பர் என்ன செய்வார்? உங்கள் ரெஸ்யூமேயை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார். நான் அதைச் சாப்பாட்டு நேரத்தில் போனில் திறப்பேன். மூன்று பக்கத்தில் முதல் அரைப் பக்கம் ‘நோக்கம்’ என்று இருந்தால் அதற்குள் அடுத்த மெசேஜ் வந்துவிடும். அப்புறம் அதை நான் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு உங்கள் நண்பரைத் தெரியாது. கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

அதனால் முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிட வேண்டியவை: பெயர், போன், எந்த ஏரியா, என்ன பதவி, எத்தனை வருடம், என்ன பாகம், என்ன பிராசஸ், நோட்டீஸ் எத்தனை நாள். ‘நோக்கம்’ இருக்கிற இடத்தில் இதை மூன்று வரியில் போடுங்கள்.

கோடுபோட்டசட்டை

ஏ.டி.எஸ்., அதாவது விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருள் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே? 75 சதவீத ரெஸ்யூமேயை மெஷினே தூக்கிப் போட்டுவிடுகிறது, ஆள் பார்ப்பதே இல்லை என்று வீடியோவில் சொன்னார்கள். ஒரு சைட்டில் போட்டுப் பார்த்தேன், ஸ்கோர் 42 வந்தது. பணம் கட்டினால் 90 ஆக்கித் தருகிறார்களாம். கட்டலாமா?

டெக்ஸ்ட்பாக்ஸ்

கட்ட வேண்டாம். நான் இந்த மாதிரி ஆள்தேர்வு மென்பொருள் பக்கம் வேலை செய்கிறேன். அந்த 75 சதவீதக் கதை பெரும்பாலும் ஸ்கோர் விற்கிறவர்கள் வாயிலிருந்துதான் வருகிறது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஸ்கோர் என்று ஒன்று கிடையவே கிடையாது. நிஜமாக ஆளைத் தானாக வெளியே தள்ளுவது, விண்ணப்பத்தில் கேட்கிற கேள்விகள்: எத்தனை வருட அனுபவம், இந்த ஊரில் வேலை செய்யச் சம்மதமா, லைசென்ஸ் இருக்கிறதா. அதில் தப்பாகத் தட்டினால் ரெஸ்யூமே எவ்வளவு அழகாக இருந்தாலும் போச்சு.

மென்பொருள் உங்கள் ஃபைலிலிருந்து எழுத்தை உருவி எடுக்கிறது, பெயர் இது, கம்பெனி இது, தேதி இது என்று பிரித்து வைக்கிறது. அங்கேதான் சொதப்பல். கான்வா டிசைன் சைட்டில் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்துச் செய்த டிசைனில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்துபோகும். போன் நம்பரை வேர்டின் ஹெடரில் வைத்தால் சில மென்பொருள் அதைப் படிப்பதே இல்லை. பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, போனில் ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்களும் உண்டு; அது வெறும் படம். தேடினால் எழுத்துகள் சிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

சோதிக்கக் காசு வேண்டாம். பி.டி.எஃப். திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை கலையாமல் படிக்க முடிந்தால் போதும். திறமைக்கு ஐந்து நட்சத்திரத்தில் நான்கு என்று போடுகிறார்களே, அது அங்கே ஒன்றுமில்லாமல் போய்விடும். வெள்ளை எழுத்தில் கீவேர்டு ஒளித்து வைக்கிற வித்தையும் அதே நோட்பேடில் பல் இளிக்கும். எச்.ஆர். திரையிலும்தான்.

கோடுபோட்டசட்டை

என்னிடம் இருப்பது வேர்டு ஃபைல், அதில் செய்து பார்த்தேன். போன் நம்பர் வரவே இல்லை! ஹெடரில்தான் இருந்தது.

மூன்றாம்ஷிப்ட்

என்னுடையது நேராக வருகிறது, நல்லவேளை.

இன்னொன்று கேட்க வேண்டும், கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆறு வருடம் என்றேன். அதில் முதல் வருடம் அப்ரெண்டிஸ். அடுத்த ஒன்றரை வருடம் கான்ட்ராக்டர் பே ரோலில் இருந்தேன். வேலை அதே கம்பெனி, அதே மெஷின், சம்பளம் மட்டும் கான்ட்ராக்டரிடமிருந்து. அதற்கப்புறம்தான் கம்பெனி ரோல். ரெஸ்யூமேயில் ஆறு வருடமும் கம்பெனி பெயரிலேயே போட்டிருக்கிறேன். பி.எஃப்.இல் பார்த்தால் கான்ட்ராக்டர் பெயர் வருகிறது. பிரச்சனை ஆகுமா?

நேர்காணல்மேசை

கேட்டது நல்லது. ஆஃபர் கொடுத்த பிறகு சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு சேர முடியாமல் போகிறவர்களில் கணிசமான பேர் இப்படிப்பட்டவர்கள்தான். பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை, இரண்டு தாளும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான்.

சரிபார்ப்புக் கம்பெனி உங்கள் யு.ஏ.என். நம்பரை (பி.எஃப்.க்கு ஒருவருக்கு ஒன்றாகத் தரும் எண்) வாங்கி, எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று பி.எஃப். கணக்கில் பார்க்கும். அங்கே கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறது, ரெஸ்யூமேயில் வேறு பெயர் இருக்கிறது என்றால் சிவப்புக் கொடி. ஆகவே முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: கம்பெனி பெயர், அதன் கீழே ‘கான்ட்ராக்டர் இன்னார் பே ரோலில்’, மாதம், வருடம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பாதிப் பேர் இப்படித்தான் உள்ளே வந்தவர்கள், எங்களுக்கும் தெரியும்.

அப்ரெண்டிஸ் காலம் பி.எஃப்.இல் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. 1961 ஆம் வருட அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் இருப்பவர் பி.எஃப். கணக்கில் ஊழியர் ஆக மாட்டார். அதற்கு உங்கள் சான்றிதழ்தான் ஆதாரம், பத்திரமாக வையுங்கள். ரெஸ்யூமேயில் ‘அப்ரெண்டிஸ்’ என்றே தனியாகப் போடுங்கள். அனுபவம் ஐந்து வருடமும் அப்ரெண்டிஸ் ஒரு வருடமும் என்று நீங்களே பிரித்துக் காட்டினால் நாங்கள் தோண்ட வேண்டியிருக்காது.

கான்ட்ராக்டரிடம் இப்போதே ரிலீவிங் லெட்டர் வாங்கிவிடுங்கள். கான்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நாளைக்குத் தேடினால் ஆபீஸே இருக்காது. கிடைக்காவிட்டால் அந்தக் கால பே ஸ்லிப்பும் சம்பளம் ஏறிய பாங்க் ஸ்டேட்மென்ட்டும் வைத்துச் சமாளிக்கலாம். பி.எஃப்.இல் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது காலியாக இருந்தால் நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்த மாதிரி தெரியும்.

சம்பளம் ரெஸ்யூமேயில் வேண்டாம். நௌக்ரியில் கேட்கும், அங்கே உள்ளதைப் போடுங்கள். கூட்டிப் போட்டாலும் கடைசியில் பே ஸ்லிப் கேட்கத்தான் போகிறோம்.

பூந்தமல்லி_பறவை

இது எனக்குத் தெரியாதே. என் பழைய கம்பெனியில் விலகிய தேதியே ஏற்றவில்லை போல. போய்ப் பார்க்கிறேன்.

வேலூர்_வாசகன்

அப்பா பெயர், மதம், ‘மேற்கண்டவை உண்மை’ இதெல்லாம் எடுத்துவிடலாமா வேண்டாமா? எங்கள் அப்பா காலத்திலிருந்து பார்த்துப் பழகிவிட்டது. கையெழுத்து இல்லாத தாளை எப்படி நம்புவார்கள்?

நேர்காணல்மேசை

எடுத்துவிடுங்கள். மதத்தையும் திருமண நிலையையும் வைத்து எனக்கு எந்த வேலையும் இல்லை. தேவைப்படுகிற விவரத்தைச் சேரும்போது படிவத்தில் வாங்கிக்கொள்வோம்.

பழையவரைபடம்

நான் மாறுபடுகிறேன். அந்த உறுதிமொழி இரண்டே வரி. பழைய நிர்வாகம் உள்ள கம்பெனிகளில் நேரில் போகும்போது கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நேர்காணல்மேசை

ஐயா, அப்படியென்றால் நேரில் கொண்டுபோகும் பிரதியில் மட்டும் போடட்டும். அரசு வேலை வேறு கணக்கு, அங்கே அவர்கள் படிவத்தில் கேட்டதை அப்படியே நிரப்ப வேண்டும்.

ஆதார் எண் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், மூன்றாம்ஷிப்ட். ரெஸ்யூமே யார் யார் கைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியாது. முகவரி, பிறந்த தேதி, ஆதார் எல்லாம் ஒரே தாளில் இருந்தால் ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று ஏமாற்றுகிறவனுக்கு வசதியாகப் போய்விடும். ஊரும் ஏரியாவும் போதும். ஷிப்ட் பஸ் அங்கே வருமா என்று பார்க்க எங்களுக்கும் அது உதவும்.

தம்மாம்வாசி

நண்பர்களே, இங்கே சொல்வதெல்லாம் சென்னைக்குச் சரி. வளைகுடாவுக்குப் போட நினைப்பவர் இதையே அனுப்பினால் ஆகாது. இங்கே போட்டோ வைப்பது சாதாரணம். நாடு, பாஸ்போர்ட் எந்த வருடம் வரை செல்லும், இங்கேயே இருப்பவர் என்றால் என்ன விசா, இந்த வட்டார டிரைவிங் லைசென்ஸ் உண்டா, இவற்றைத் தேடிப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் நம்பர் எழுதத் தேவையில்லை, காலாவதி தேதி போதும்.

ஆயில் அண்ட் கேஸ் புராஜெக்டில் கியூ.சி. இன்ஸ்பெக்டர் என்றால் ரெஸ்யூமே உங்கள் கம்பெனியோடு நிற்காது. உதாரணமாக சவுதி எண்ணெய்க் கம்பெனியான அராம்கோவின் வேலை எடுக்கும் கான்ட்ராக்டர், தன் இன்ஸ்பெக்டர்களின் ரெஸ்யூமேயை கிளையன்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்ற பேச்சே இல்லை. புராஜெக்ட் வாரியாக எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன கோட் (தொழில்நுட்ப விதித் தொகுப்பு) படி வேலை, என்ன இன்ஸ்பெக்‌ஷன் என்று நீட்டித்தான் எழுத வேண்டும். தேவையான வருட அனுபவம் ஆகியிருக்கிறதா என்று மாதக் கணக்குப் பார்ப்பார்கள். நான்கு, ஐந்து பக்கம் போகும். தேதியில் இடைவெளி இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

ஏஜென்ட் வழியாக வருகிறவர்கள் இந்திய அரசின் இமைக்ரேட் சைட்டில் அவர் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணம் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சத்தில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இறுதியாண்டு_மெக்

அண்ணா, எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. இன்பிளான்ட் டிரெய்னிங் ஒரு வாரம், கடைசி வருட புராஜெக்ட், இரண்டு அரியர் இருந்து கிளியர் ஆகிவிட்டது. அரியரை எழுத வேண்டுமா?

பழையவரைபடம்

அரியரை ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள், கேட்டால் மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் ‘நிலுவை உண்டா’ என்று இருந்தால் இல்லை. ‘எப்போதாவது இருந்ததா’ என்று இருந்தால் இருந்தது. புராஜெக்டைப் பற்றி எழுதும்போது தலைப்பை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நாலு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் கை எங்கே பட்டது? டிராயிங் போட்டீர்களா, லேத்தில் நின்றீர்களா, பேரிங் வாங்க பாரிமுனைக்கு அலைந்தீர்களா? அலைந்திருந்தால் அதையும் எழுதலாம், பேரிங் நம்பர் ஞாபகம் இருந்தால்.

இரண்டாம்தளம்

குழந்தைக்காக மூன்று வருடம் வேலையை விட்டவள் நான். அந்த இடத்தை எப்படி எழுதுவது?

நேர்காணல்மேசை

‘குடும்பப் பொறுப்பு, இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை’ என்று ஒரே வரி. விளக்கம் வேண்டாம். நடுவில் ஏதாவது படித்திருந்தால் அதன் கீழே. விட்டுவிட்டால் படிக்கிறவர் இல்லாததெல்லாம் கற்பனை செய்துகொள்வார்.

மூன்றாம்ஷிப்ட்

எல்லாவற்றையும் சேர்த்து ஏ.ஐ.யில் கொடுத்து எழுதச் சொன்னேன். ஆங்கிலம் நன்றாக வந்திருக்கிறது. ‘ஸ்பியர்ஹெடட்’, ‘லெவரேஜ்டு’, ‘ரிசல்ட்ஸ் டிரிவன் புரொஃபஷனல்’ என்றெல்லாம் போட்டிருக்கிறது. கஸ்டமர் கம்ப்ளெயின்டை 60 சதவீதம் குறைத்தேன் என்றும் ஒரு வரி. நான் அப்படிச் சொல்லவே இல்லை.

நேர்காணல்மேசை

அந்த 60ஐ உடனே எடுங்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான் வரும்.

ஏ.ஐ. பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இலக்கணம் திருத்தட்டும், நீளத்தைக் குறைக்கட்டும். ஆனால் இந்த ‘ஸ்பியர்ஹெடட்’ வந்ததிலிருந்து எல்லோருடைய ரெஸ்யூமேயும் ஒரே குரலில் பேசுகிறது. லைன் இன்ஸ்பெக்டர் முதல் பிளான்ட் ஹெட் வரை எல்லோரும் எதையோ ஸ்பியர்ஹெட் செய்திருக்கிறார்கள். அளந்தேன், சோதித்தேன், மாற்றினேன், தயாரித்தேன், பயிற்சி கொடுத்தேன் என்று சாதாரண வினைச்சொற்களையே ஆங்கிலத்தில் போடச் சொல்லுங்கள். உங்கள் ஆங்கிலத்தில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கட்டும்.

பழையவரைபடம்

டிராயிங் நம்பர், கஸ்டமர் ரிப்போர்ட் எல்லாம் அதில் ஏற்றிவிடவில்லையே? ரெஸ்யூமேயிலும் கஸ்டமர் பெயர் வரைக்கும் சரி, அது எல்லோரும் போடுவதுதான். டிராயிங் நம்பர், விலை, பிராசஸ் ஷீட் போட்டோ எதுவும் கூடாது. உன் கம்பெனி ரகசியத்தை இங்கே கொண்டுவருகிறவன் நாளைக்கு என் ரகசியத்தை எங்கே கொண்டுபோவான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மூன்றாம்ஷிப்ட்

இல்லை ஐயா, அதெல்லாம் போடவில்லை. திருத்தியது இதோ, தமிழில் பொருள் மட்டும்.

மேலே: குவாலிட்டி இன்ஜினீயர். பிரேக் பிஸ்டன், டர்னிங் மற்றும் சென்டர்லெஸ் கிரைண்டிங். 5 வருட அனுபவம், 1 வருட அப்ரெண்டிஸ். எஸ்.பி.சி., எம்.எஸ்.ஏ., 8டி. அம்பத்தூர். நோட்டீஸ் 60 நாள்.

அனுபவம், குவாலிட்டி: டிரெஸ்ஸிங் இடைவெளி, சி.பி.கே. வரி. சீல் குரூவ் பர் கம்ப்ளெயின்டுக்கு 8டி. டீபரிங் பிரஷ் மாற்றும் இடைவெளியைக் கன்ட்ரோல் பிளானில் சேர்த்தது. அதே குறை திரும்ப வரவில்லை. பி.பி.ஏ.பி. வரி. ஐ.ஏ.டி.எஃப். 16949 ஆடிட்டில் லைன் தரப்பில் பதில் சொன்னது. ஏர் கேஜ், ஹைட் கேஜ், சர்ஃபேஸ் டெஸ்டர், சி.எம்.எம். (கம்ப்யூட்டரில் அளக்கும் மெஷின்) ஆபரேட்டிங், புரோகிராமிங் இல்லை.

லைன் இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டர் பே ரோல்: மூன்று மெஷினுக்கு முதல் பீஸ் ஒப்புதல், மணிக்கொரு பேட்ரோல் இன்ஸ்பெக்‌ஷன், புதிய ஆபரேட்டர்களுக்கு ஏர் கேஜ் மாஸ்டர் செட்டிங் சொல்லிக்கொடுத்தது.

அப்ரெண்டிஸ்: சி.என்.சி. லேத், ஃபனுக் கன்ட்ரோல், ஆஃப்செட் திருத்தம், இன்சர்ட் மாற்றம்.

படிப்பு. மொழிகள். அவ்வளவுதான், ஒன்றேகால் பக்கம் வருகிறது.

பழையவரைபடம்

‘சி.எம்.எம். ஆபரேட்டிங், புரோகிராமிங் இல்லை’ என்று நீங்களே போட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ரெஸ்யூமேயில் இல்லாததை எழுத வேண்டாம், ‘சி.எம்.எம். ஆபரேட்டிங்’ என்பதோடு நிறுத்துங்கள். கேட்டால் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் அந்தப் புரோகிராமிங்கைக் கற்றுக்கொண்டால் சம்பளம் வேறு.

நேர்காணல்மேசை

இதை மேனேஜருக்கு அனுப்ப எனக்குத் தயக்கம் இருக்காது. அந்தக் கால் பக்கத்தை ஒதுக்கி ஒரே பக்கமாக்க எழுத்தைச் சுருக்காதீர்கள், போனில் படிக்க முடியாது. ஒன்றரைப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை.

ஃபைல் பெயர் ‘நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2’ என்று இருந்தால் உங்கள் பெயர், குவாலிட்டி, வருடம் என்று மாற்றுங்கள். என் டவுன்லோட் ஃபோல்டரில் அந்தப் பெயரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நௌக்ரியில் ஹெட்லைனும் இதே மேல் வரிதான். அங்கே பதவி என்ற இடத்தில் உங்கள் கம்பெனி கொடுத்த பதவி என்ன?

மூன்றாம்ஷிப்ட்

ஐ.டி. கார்டில் ‘டெக்னீஷியன் கிரேடு 2’ என்றுதான் இருக்கிறது மேடம். செய்கிற வேலை குவாலிட்டி இன்ஜினீயர் வேலை.

நேர்காணல்மேசை

அப்படியென்றால் மேல் வரியில் வெறும் ‘குவாலிட்டி இன்ஜினீயர்’ என்று போடாதீர்கள், சரிபார்ப்பில் இடிக்கும். அனுபவத்தில் ‘டெக்னீஷியன் கிரேடு 2, குவாலிட்டி’ என்று உள்ளபடி. ஹெட்லைனில் ‘குவாலிட்டி, பிரேக் பாகங்கள் மெஷினிங், எஸ்.பி.சி., பி.பி.ஏ.பி.’ என்று வேலையைச் சொல்லுங்கள், பதவியைச் சொல்ல வேண்டாம். தேடும்போது நான் போடுகிற சொற்களில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன.

60 நாள் நோட்டீஸ் கொஞ்சம் உறுத்தும். பணம் கட்டி முன்னாலேயே விலக உங்கள் ஆர்டரில் வழி இருக்கிறதா?

மூன்றாம்ஷிப்ட்

இருக்கிறது. ஒரு மாத பேசிக் கட்டினால் 30 நாளில் விடுவார்கள்.

நேர்காணல்மேசை

அதையும் நோட்டீஸ் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: ‘60 நாள், 30 நாளில் வர முடியும்.’ நௌக்ரியில் நோட்டீஸ் என்ற இடத்தில் மட்டும் 2 மாதம் என்றே தட்டுங்கள், அது ஆர்டரில் உள்ளபடி இருக்கட்டும்.